நினைப்புக்கும் கைக்கும் நடுவில்

அம்மா,

அப்பாவைப் பார்க்கச் சிங்கப்பூர் கிளம்பி, இன்று காலை திருச்சி விமான நிலையத்தில் சோதனை வரிசையில் நின்றேன். பெண் காவலரின் கையிலிருந்த கருவி என் இடது காறையெலும்புக்குக் கீழே வந்ததும் கத்தியது. துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்குதான். கழற்றிக் காட்டிய பிறகும் என் விரல்கள் அந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தன. உனக்குப் பேட்டரி வைத்திருந்த இடம். தோலுக்கடியில் தீப்பெட்டி ஒன்றை வைத்துத் தைத்ததுபோல் மேடிட்டிருக்கும்.

பார்க்கின்சன் நோய் உன் வலது கையில் தொடங்கி, உன்னை முழுதாகப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அப்பா அனுப்பிய பணத்தில் மாடி எழுப்புவதாக இருந்தோம். அதற்குப் பதிலாக அறுவை சிகிச்சையில் உன் மூளைக்குள் அந்தப் பேட்டரியின் இரண்டு கம்பிகள் இறங்கின. கரண்ட் போனால் மின்விசிறி நிற்கும். உனக்குக் கரண்ட் வந்ததும் கை நின்றது. தளும்பத் தளும்ப ஊற்றிய காபியைச் சிந்தாமல் குடித்தாய். தெருவே வந்து பார்த்தது.

பிறகு அந்த மார்கழி மதியம். முறத்தில் உளுந்து புடைத்தபடியே, அத்தை மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். பேச்சை நிறுத்தவேயில்லை. பக்கத்தில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து உன் பின்னலை அடியோடு வெட்டி, உளுந்தின் மேல் வைத்தாய்.

“பச்சையா, மாம்பழக் கலரா?” என்றாய்.

“அம்மா! என்ன பண்ணிட்டே?”

“ஏன்டி கத்துறே? வெட்டணும்னு தோணுச்சு.”

உன் முகத்தில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. போனில் அப்பா, “முடிதானே, வளந்துடும். கை நல்லாயிடுச்சுல்ல, அதப் பாரு” என்றார். “முடங்கிக் கெடந்தவ துள்ளுறா, துள்ளட்டுமே” என்று தெருவில் சிரித்தார்கள். நானும் அப்படித்தான் நினைக்க விரும்பினேன்.

தை அறுவடையின்போதுதான் அது முடியாமல் போனது. பக்கத்து வயலைக் குத்தகைக்கு எடுத்திருந்த செல்வம் சித்தப்பா, அறுப்பு மிஷின் இறங்குவதற்காக வயலைக் காயவிட்டிருந்தார். வாய்க்கால் ஓரமாக நடந்து போன நீ குனிந்து அவருடைய மடையைத் திறந்துவிட்டு, நின்று வேடிக்கை பார்த்தாய். முற்றிய கதிர்கள் தண்ணீரில் சாய்ந்தன.

“போன வருசம் உங்க வரப்பச் செதுக்கினேன்னு இப்படிப் பழி தீத்துக்கிட்டீங்களே அண்ணி! தலையில மிஷின் வச்சாங்களா, வன்மத்த வச்சாங்களா?”

“கோவம்லாம் இல்ல தம்பி. மடையப் பாத்தேன். கை தெறந்துடுச்சு.”

“கைதான் தெறந்துச்சுன்னா அப்ப நீங்க எங்க போயிருந்தீங்க?”

அவர் ஆத்திரத்தில் கேட்டார். நீ அதை உண்மையான கேள்வியாக எடுத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாய். “அதான் தெரியல” என்றாய். அவர் ஒரு அடி பின்வாங்கியதைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாய். “முன்னல்லாம் நெனப்புக்கும் கைக்கும் நடுவுல ஒரு எடம் இருந்துச்சுடி. அங்கதான் நான் நிப்பேன்போல. இப்ப அந்த எடமே இல்ல. நாளைக்கு எதப் பாப்பேனோ.” சொல்லும்போது உன் பார்வை அரிவாள்மணையின் மேல் இருந்தது. நான் அதைக் காலால் மெதுவாகக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

கரண்டைக் குறைக்கலாம், ஆனால் நடுக்கம் திரும்பும் என்றார் சென்னை மருத்துவர். உன் மார்மேல் கருவியை வைத்து ஒவ்வொரு படியாக இறக்கினார். முதலில் சுண்டுவிரல் அசைந்தது. பிறகு கை. அதற்கும் பிறகு, ஆளில்லாத வீட்டுக்குள் யாரோ நுழைந்து விளக்குப் போட்டதுபோல உன் முகம் மாறியது. உன் கை கழுத்துக்குப் பின்னால் போய்த் துழாவியது. “என் முடி எங்கடி?” என்று அழுதாய்.

வெட்டியது நீதான் என்று உனக்குத் தெரியும். மறக்கவில்லை. அதற்காக அழ வேண்டியவள் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள்.

“நடுக்கம் ரொம்பத் தெரியுதும்மா. கொஞ்சம் கூட்டவா?” என்றார் மருத்துவர்.

“வேணாங்க. இது இப்படியே இருக்கட்டும். கை போய்ச் சேர்றதுக்குள்ள நான் யோசிச்சுக்கிறேன்.”

அடுத்த நடவுக்கு நம் நாற்றங்காலில் பாதியைச் செல்வம் சித்தப்பாவுக்குக் கொடுத்தாய். நாற்றுக்கட்டு உன் கையில் ஆடியதைப் பார்த்து, “என்ன அண்ணி, மிஷின் கெட்டுப்போச்சா?” என்றார். “இப்பத்தான் தம்பி ஒழுங்கா ஓடுது” என்றாய். போன கோடையில் நெஞ்சுச்சளி உன்னைக் கொண்டுபோகும்வரை காபியைச் சிந்திக்கொண்டேதான் குடித்தாய்.

எனக்கு எந்த நோயும் இல்லை அம்மா. ஆனால் என் கை எதையாவது நோக்கிக் கொஞ்சமும் நடுங்காமல் நீளும்போது, பாதி வழியில் நிறுத்திவிடுகிறேன். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கிறேன்.

சில நாட்களில் பதில் வரத் தாமதமாகிறது.