பெரிய வெள்ளிக்கு மைக் வைத்தது

குருத்து ஞாயிறு
காலையிலேயே புழுக்கம். எங்கள் மாதா கோயிலில் முதன்முறையாக மைக்; போடுவது நான். சாமியாருக்குத் தொண்டை போய்விட்டது. வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் கடைசி பெஞ்சு வரை கேட்க வேண்டுமாம். சனம் கலைந்தபின் கை தட்டிப் பார்த்தேன். உயரக் கூரையில் மோதி, ஒரு தட்டு நாலாகத் திரும்புகிறது. ஒரு சொல் ஓயுமுன் அடுத்தது மேலே ஏறி, எல்லாம் கூழ்.

செவ்வாய்
ஹாரன் ஸ்பீக்கர்களைக் கீழே இறக்கி, பெஞ்சுகளைப் பார்க்கத் திருப்பிக் கட்டினேன். கூட்டம் நிறைந்தால் உடம்பும் துணியும் எதிரொலியைக் குடித்துவிடும். சாமியார் நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். (யார் சொல்வது?) மயிலாப்பூர் கடைத்தெருவில் கயிறு, ஆணி. குடை மறந்து வந்தேன்.

புதன்
பெண்டாட்டி பிலோமி சோறு கொண்டுவந்தாள். வால்யூம் கூட்டிக்கொண்டிருந்தேன். காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.
“ஐயோ, கீச்சுனு கத்திக்கினே கீதே! உங்களுக்குக் கேக்கல?”
கேட்கவில்லை. ஹாரன் சத்தம் மறுபடி மைக்குக்குள் புகுந்து ஊளையிடும். பத்து வருஷமாக அதைப் பிடித்து அடக்குவதுதான் என் பிழைப்பு. கடிகாரத்தைக் காதில் வைத்தேன். இடது. வலது. டிக் இல்லை. முள் ஓடுகிறது. பேச்சு கேட்கிறது, மெல்லிய கீச்சுச் சத்தம்தான் எட்டவில்லை.
போச்சு.

பெரிய வியாழன்
சாமியாரிடம் சொல்ல வாய் வரவில்லை. பிலோமியின் யோசனை: பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் அவள். ஊளை கிளம்பினால் முக்காட்டை முகத்துக்கு இழுப்பாள். தூணோரம் நின்று பார்த்து நான் குறைக்க வேண்டும். “நான் இருக்கன் இல்ல, இன்னாத்துக்கு பயம்?” பயம்தான்.

பெரிய வெள்ளி
மூன்று மணி. நெரிசல். சொல் சொல்லாகத் தெளிவு. கடைசி பெஞ்சுக்காரர் தலையாட்டினார். ஆண்டவர் உயிர் விடுகிற இடம். பிலோமி முக்காட்டை இழுத்தாள். குறைத்தேன். இன்னும் இழுத்தாள். இன்னும் குறைத்தேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது, பெண்கள் பக்கம் முழுக்க முக்காடு முகத்தில். எல்லோரும் அழுகை. அந்த இடத்தில் எந்த வருஷம் அழாமல் இருந்தார்கள்! மடையன் நான். சாமியாரின் வாய் மட்டும் அசைகிறது.
பக்கத்தில் நின்றவர், “இன்னாபா, மைக்கு செத்துப்போச்சா?”
பதறி, முழுக்கத் திருகினேன். கோயில் மொத்தமும் காதைப் பொத்தியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

சனி
பூசைக்கு முன்பே சாமியாரிடம் எல்லாம் சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
“இன்னிக்கும் நாளைக்கும் மைக்கு வேணாம், இன்னாசி. நானே கத்திக்கிறேன். நீ போய் பெஞ்சுல உக்காரு.”
உட்கார்ந்தேன். வியாழன் முதல் அடிக்காமல் வைத்திருந்த மணிகளை அடிக்கும் நேரம். கோபுரத்துப் பெரிய மணி கேட்டது. பீடத்தருகே பூசைக்கு உதவும் கோயில்பிள்ளை சின்ன மணியை ஆட்டிக்கொண்டே இருந்தார்.