படம் ஆடிவிடும் என்று அசையாமல் இருந்த மாப்பிள்ளைக்கு

என் ஆசை மாப்பிள்ளை அங்கமுத்து,

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை, மாலை போட்ட உன் படத்துக்கு முன்னால் நின்று நாக்கைத் துருத்திப் பழித்துக் காட்டினேன். ஆள் இல்லை என்று நினைத்தேன். பின்னால் கற்பூரத் தட்டோடு என் தங்கச்சி ராஜம்மா நிற்கிறாள். "ஏண்ணா, உனக்கு என்ன வயசாச்சு?" என்றாள். நரைத்த மீசையை வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்ல?

நெசவாளர் சங்க மலரில் உனக்கு அஞ்சலி எழுதச் சொன்னார்கள். "நாலு நல்ல வார்த்தை எழுதுங்க" என்றார்கள். நான் மூன்றாம் வகுப்போடு ஓடி வந்தவன். பிழை இருந்தால் அச்சாபீஸ்காரர் திருத்திக்கொள்வார். நல்ல வார்த்தையே வரவில்லையே, அதை யார் திருத்துவது? உயிரோடு இருந்தவரை "வாங்க மாப்பிள்ளை, சாப்பிடுங்க மாப்பிள்ளை" என்றுதான் உன்னைக் கூப்பிட்டேன். தங்கச்சியைக் கொடுத்தவன், வேறு எப்படிக் கூப்பிட? இனிமேல் அந்த 'ங்க' கிடையாது. வா, போ தான். ரோஷம் இருந்தால் எழுந்து வந்து கேள்.

தறிக்குழியில் காலை விட்டு மிதிக்கும்போதெல்லாம் உன் நெஞ்சு தறிகெட்டு ஓடும். கண் இருட்டும். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி மிதிப்பாய். சேலத்து ஆஸ்பத்திரிக்கு உன்னை பஸ் ஏற்றிக் கூட்டிப்போனவன் நான். கட்டிலில் படுக்க வைத்து மெஷினில் பார்த்தார்கள். படுத்ததும் உன் நெஞ்சு, இன்ஸ்பெக்டரைக் கண்ட பள்ளிக்கூடத்துப் பையன் போலக் கைகட்டிக்கொண்டது. ஒன்றும் தெரியவில்லை.

சீமையில் படித்துவிட்டு வந்த அந்த டாக்டர் அப்புறம்தான் ஒரு பொட்டியை எடுத்தார். உள்ளே பாட்டு மெஷினில் ஓடுகிற மாதிரி நாடா. அதிலிருந்து ஒயர் வந்து நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும். "இதை இடுப்புல கட்டிக்கிட்டு நாளைக்கு வரைக்கும் இருங்க. எப்பவும் போல வேலையைப் பாருங்க. உங்க நெஞ்சை இது படம் பிடிச்சுக்கும்" என்றார்.

அத்தனை சொல்லில் உன் காதில் விழுந்தது ஒரே சொல். படம்.

குமாரபாளையம் வந்து இறங்கியதும் என்ன செய்தாய்? கல்யாணப் பட்டு வேட்டியை எடுத்தாய். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரினாய். அடுத்த வீட்டு நாற்காலியை வாங்கிப் போட்டு, இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்தாய். பவானியில் ஸ்டுடியோக்காரர் "அசையாதீங்க, படம் கெட்டுப்போகும்" என்று மிரட்டினாரே, கல்யாணத்தன்றைக்கு, அதே இருப்பு.

"ஏனுங்க, தறியில பாவு நூலு அறுந்து கெடக்குதுங்க" என்றாள் ராஜம்மா.

"பேசாத புள்ள. படம் ஆடிப்போயிரும்."

தெருவே வந்து நின்று வேடிக்கை பார்த்தது. வெற்றிலைக்காரப் பெரியசாமி, "கண்ணைச் சிமிட்டுனா நெஞ்சு மங்கலா உழுமுங்க" என்று சட்டம் சொன்னான். அவன் எந்த ஊர் வைத்தியனோ! நீ அதற்கும் தலையாட்டவில்லை. ஆட்டினால் படம் போய்விடுமே.

"எந்திரிச்சு தறிக்கு வாங்க மாப்பிள்ளை. டாக்டரு வேலை செய்யச் சொன்னாருங்க" என்றேன்.

உதட்டைக்கூட அசைக்காமல் சொன்னாய்: "உங்களுக்குப் பொறாமைங்க மச்சான்."

பொறாமையா? உன் நெஞ்சின்மேல் எனக்கா?

மறுநாள் டாக்டர் நாடாவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு குறையும் இல்லை" என்றார். ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாய், ராஜா நெஞ்சு, ராஜா நெஞ்சு என்று. அடுத்த மாதமே தறியில் சரிந்தாய். நெய்துகொண்டிருந்த சேலையின்மேலேயே முகம். அன்றைக்குப் பொட்டியோடு ஒரு முழம், ஒரே ஒரு முழம், நெய்திருந்தால் என்னடா கெட்டுப்போயிருக்கும்?

டாக்டரையும் விடவில்லை. நேரே போய், "படம்னு ஏனுங்க சொன்னீங்க? எங்க ஊருல படம்னா ஆடாம உக்காரணுங்க" என்று கத்தினேன். பிறகு, "அவர் நாள் முழுக்க உக்காந்தே இருந்தார்னு நீங்க யாருமே சொல்லலையே" என்றார். திரும்பி வந்துவிட்டேன். அந்தக் கோபமும் சேர்ந்து இப்போது உன்மேல்தான் இருக்கிறது.

இப்போது எதற்கு இவ்வளவு வசவு என்று கேட்பாய். உன் மகள் வசந்தாவுக்கும் அதே படபடப்பு, மாப்பிள்ளை. குடத்தை இடுப்பில் வைத்தால் நெஞ்சு ஓடுகிறது. நகையா நட்டா, வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா உனக்கு, அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போக? ராஜம்மா மூடி மறைத்துவிட்டாள். "பொண்ணு பாக்க வர்றவிய காதுக்குப் போனா என்னாகும்ணா?" என்று அழுகிறாள். "டாக்டருகிட்டச் சொல்லாம விட்டு ஒருத்தனைப் பறிகொடுத்தது போதாதா?" என்று சத்தம் போட்டுத்தான் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். அதே டாக்டர். அதே பொட்டி.

வீட்டுக்கு வந்தவள் என்ன செய்தாள் தெரியுமா? பட்டுப் பாவாடை தாவணி கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, உட்கார்ந்துவிட்டாள். உன் ரத்தம்!

"எந்திரி சாமி!"

"படம் ஆடுமுங்க மாமா."

"ஆடட்டும். ஆடணும். ஆடலைன்னா உன்னைத் தூக்கிக் காவேரியில போட்ருவேன்."

உட்கார விடவில்லை. தண்ணீர் எடுக்க விட்டேன், மாவு ஆட்ட விட்டேன், தறியில் இறக்கினேன். சண்டைகூட இழுத்தேன். உன்னைப் பற்றி நான் வைத வசவுக்கு எந்த மகளுக்கும் நெஞ்சு துடிக்கும். அவள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறாள்! பொழுது சாய்ந்தது. படபடப்பு வரவில்லை. வேண்டாத நாளெல்லாம் வருகிறது, வேண்டும் என்ற நாளில் வரவில்லை. விடிந்தால் பொட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உன்னைப்போலவே இவளையும் "ஒரு குறையும் இல்லை" என்று அனுப்பிவிடுவார்களோ என்று திண்ணையிலேயே முழித்துக் கிடந்தேன். உனக்காக முழிக்கவில்லை என்று எழுதிக்கொள்கிறேன்.

காலையில், பஸ்ஸுக்குக் கிளம்பும் முன்னால், வந்துவிட்டது. பொட்டி பிடித்துக்கொண்டது. டாக்டர் பார்த்தார், பேர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார். விடாமல் சாப்பிட்டால் பயமில்லை என்கிறார்.

அதனால் உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன், வாங்கிக்கொள். தினமும் அவள் மாத்திரையை விழுங்கியபிறகுதான் நான் என் வாயில் காபியை ஊற்றுவேன். பெண் பார்க்க வருகிறவர்களிடம் அவர்கள் செருப்பைக் கழற்றும் முன்பே, "நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிடுற பொண்ணுங்க" என்று நானே சொல்வேன். ஓடுகிறவன் ஓடட்டும். நிற்கிறவனுக்கு அவளைக் கொடுப்பேன். உன்னை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

அவளுக்குப் படபடப்பு எப்படி வந்தது என்று கேட்பாயே. அன்றைக்குக் காலையில் தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். பாவின் நுனியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நான் பின்பக்கமாகவே நடந்து வந்தேன். அங்கே கஞ்சித் தொட்டி இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். கஞ்சி ஆறியிருந்தது. வசந்தா சிரித்தாள், சிரித்துக்கொண்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "மாமா, வந்துருச்சுங்க" என்றாள். எத்தனை மணிக்கு, அப்போது என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டதற்கு உள்ளதைச் சொன்னாள். அவரும் எழுதிக்கொண்டார். என் வேட்டி காய்ந்துவிட்டது. கஞ்சியில் விறைத்து மடிக்க வரவில்லை. சுவரில் சாய்த்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ராஜம்மாவின் அண்ணன், வசந்தாவின் மாமன்,
உன்மேல் கோபம் தீராத மச்சான்