ஆடுகிறவர் வைக்கும் புள்ளி

அப்பா,

ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்கும் நீங்க பார்த்த மாப்பிள்ளை ஆண்ட்ரூசுக்கும் கல்யாணம் என்று கோயிலில் ஓலை வாசிக்கக் கூடாது. நிறுத்துங்க. இதை உங்களிடம் கேட்கவே கூடாதென்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாங்க. கேட்டுவிட்டேன்.

மீன் குழம்பு சட்டியில் இருக்கிறது. சுகர் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடுங்க.

சீர்ப் பாத்திரம் அத்தனையிலும் "மெர்லின் ஆண்ட்ரூஸ்" என்று பெயர் வெட்டி வாங்கி வந்திருக்கீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பெயர்தான்.

துபாய் கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டிவிட்டு ஊருக்கு வந்தபோது எனக்குப் பழைய பந்துகள் கொண்டுவந்தீங்க. ஒன்றில் மூன்று சிவப்புப் புள்ளி, இன்னொன்றில் பச்சைக் கோடு. "எல்லாம் ஒரே கம்பெனி பந்து ஆத்தா. ஆடுறவன் அவன் கையால அடையாளம் வச்சுக்குவான். அடுத்தவன் பந்துல எவனும் பேனாவ வைக்க மாட்டான்" என்று நீங்கதான் சொன்னீங்க. பந்துக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லையா?

"படிச்ச திமிரு" என்பீங்க. ஆமாம். படிக்க வைத்ததும் நீங்கதான்.

முன்கதவை வெளியே பூட்டிவிட்டுப் போயிருக்கீங்க. கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருப்பதை மறந்துட்டீங்க.

மெர்லின்

ஒரு சொம்பில் மட்டும் ஆண்ட்ரூசை ஆணியால் சுரண்டிவிட்டேன். இப்போது மெர்லின் மட்டும் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டேன்.

சாமியாரிடம் நானே சொல்லிவிட்டுத் திருச்சி பஸ் ஏறுகிறேன். கொல்லைக் கதவு சும்மா சாத்தியிருக்கிறது, நாய் நுழையும். வந்ததும் தாழ் போட்டுக்கோங்க.