பூஞ்சைக்குக் கூடிய கூட்டம்

சனிப் பிரதோஷம், இரவு. பிரிக்பீல்ட்ஸ்.

இறைவன் நஞ்சுண்ட வரலாற்றைப் பதினெட்டு ஆண்டுகளாகக் கோயில் மண்டபத்தில் நானே சொல்லி வருகிறேன். இன்று எனக்குப் பின், கடலாய்வு செய்யும் கிள்ளான் பெண் ரேவதியையும் பேச அழைத்திருந்தார்கள். போர்ட் கிள்ளான் கரையில் ஊறிக் கிடக்கும் மரக்கட்டைகளில் வாழும் ஒரு பூஞ்சை, கப்பல் எண்ணெயின் நச்சைத் தாங்கி, அதைச் சிதைத்தே உணவாக்கிக்கொள்கிறதாம். என் உரையில் கண்ணயரும் என் மனைவி எழுந்து முன்வரிசைக்குச் சென்று அமர்ந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அழுக்காறு என்று அறிந்தே, மடக்குவதற்காகக் கேட்டேன்:

“நஞ்சு மிகுந்தால் உன் பூஞ்சை சாகாதோ, அம்மா?”

“ஒரேயடியா ஊத்துனா சாகும் அங்கிள். கொஞ்சங்கொஞ்சமா பழகுனது தாங்கும். ஆனா தொண்டையிலேயே வச்சுக்காது, உடைச்சுச் செரிச்சிடும் லா.”

மண்டபமே சிரித்துக் கைதட்டியது.

வீட்டுக்கு நடந்து வருகையில் மனைவி சொன்னாள்: “அடுத்த பிரதோஷத்துக்கும் அந்தப் பொண்ணு வருமான்னு கேட்டுச் சொல்லுங்க.”

கேட்கிறேன் என்றேன். வீடு வந்தவுடன், ரேவதி சொன்ன விடையை என் அடுத்த உரைக்கான குறிப்பில் செம்மையாக எழுதி வைத்தேன். பக்கத்தில் அவள் பெயரை எழுத மட்டும் இன்னும் கை வரவில்லை.