முப்பது ஜெராக்ஸ்

சுகர் லேண்ட்,
ஜனவரி 1998

மாலதிக்கு,

அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? இங்கே விசேஷமாக ஒன்றுமில்லை.

வீட்டைவிட்டு ஓடிப்போகும் பையனைப் பற்றிய ஒரு நாவலை ஆராய்ந்து, நம் வான்மதி பள்ளியில் கட்டுரை எழுதினாள். மேலே ஏ கிரேடு. அதை மட்டும் பார்த்து, முப்பது ஜெராக்ஸ் எடுத்துத் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் எல்லாருக்கும் கொடுத்தேன்.

உன் சிநேகிதி ருக்மிணிதான் தனியே கூப்பிட்டு, "வீட்ல எல்லாம் ஓகேதானே?" என்றார். பிறகுதான் படித்தேன். 'அவனுடைய மார்க் பெற்றோருக்குத் தெரியும், அவன் அழுவது தெரியாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.'

மன்னிப்புக் கேட்டேன். "யூ டிடின்ட் ஈவன் ரீட் இட், அப்பா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

லைப்ரரியில் அந்த நாவலை எடுத்துவந்தேன். நூறு பக்கம் படித்தாயிற்று. பையன் வீடு திரும்புவானா என்று அவளிடம் கேட்க நாலு தடவை கதவுவரை போனேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டவும் பயமாயிருக்கிறது.

இப்படிக்கு,
அவள் அப்பா