குளியலறைக் கதவில் ஒட்டிய தாள்

அனுப்புநர்
ராடினா மின்கோவா,
மூன்றாம் ஆண்டு, வரலாற்றுத் துறை,
மாணவியர் விடுதி எண் 4, இரண்டாம் தளம்,
அரசுப் பல்கலைக்கழகம்,
ஸ்லாத்னா ரேகா, பல்கேரியா.

பெறுநர்
உயர்திரு ரெக்டர் அவர்கள்,
அரசுப் பல்கலைக்கழகம்,
ஸ்லாத்னா ரேகா.

பொருள்: விடுதி எண் 4, மூன்றாம் தளக் குளியலறைக் கதவில் எச்சரிக்கைத் தாள் ஒட்ட உடனடி அனுமதி கோருதல் – என் மீதான ஒழுங்கு நடவடிக்கை – தொடர்பாக.

பார்வை: 1. வளாகக் கருத்து வெளிப்பாட்டு விதிகள். 2. ஒழுங்குக் குழு எனக்கு அனுப்பிய குற்றக் குறிப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதற்கண் என் நன்றி. சென்ற இலையுதிர்காலத்தில் விடுதிகளைப் பழுதுபார்க்கக் கோரி நாங்கள் ஊர்வலம் போனோம். தாங்கள் மனமிரங்கி எங்களுக்கு விதிகளைத் தந்தீர்கள். அதுவரை எங்கள் கருத்துச் சுதந்திரம் போக்கிடம் இல்லாமல் வளாகம் முழுக்கத் திரிந்துகொண்டிருந்தது. இப்போது அதற்கு ஒரு முகவரி இருக்கிறது: உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்புறம், சைக்கிள் கொட்டகை ஓரம், செவ்வாய், வியாழன் மட்டும். சுவரிலோ கதவிலோ எந்தத் தாள் ஒட்டுவதானாலும் ஏழு வேலைநாள் முன்னதாக விண்ணப்பித்து முத்திரை பெற வேண்டும். ஒரே ஒரு விலக்கு, மரண அறிவிப்புகளுக்கு. விளக்குக் கம்பம், பேருந்து நிறுத்தம், வாசற்கதவு என்று பார்க்கும் இடமெல்லாம் கறுப்புக் கரை போட்ட செத்தவர் படம் தொங்கும் நாடு இது. அதில் கைவைக்க விதி எழுதியவருக்கும் துணிவு வரவில்லை.

2. மார்ச் தொடக்கத்தில் இரண்டாம் தளக் குளியலறையில் குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்க ஆரம்பித்தது. ஹீட்டரில் ஏதோ கோளாறு. விடுதிக் காப்பாளர் திருமதி ஸ்தான்காவிடம் இருமுறை முறையிட்டேன். "ஈரக் கையோட தொட்டா அப்படித்தாம்மா இருக்கும், உங்க தலைமுறைக்கு எதெடுத்தாலும் போராட்டம்தான்" என்றார். உலர்ந்த கையோடு குளிப்பது எப்படி என்பதை அவர் விளக்கவில்லை. ஆகவே சிவப்புப் பேனாவால், "இங்கே குளிக்காதீர்கள், ஷாக் அடிக்கிறது" என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். சட்டத்தை மீறியவள் என்ற பெயர் வேண்டாமே என்று அன்றே முத்திரைக்கும் விண்ணப்பித்தேன்.

3. மறுநாள் காலை அந்தத் தாள் அகற்றப்பட்டது. அகற்றியவர் காவலாளி மித்கோ அண்ணன். அவர் மீது எனக்குப் புகார் இல்லை. "முத்திரை இல்லாததைக் கிழிக்கச் சொல்லியிருக்காங்க, கிழிச்சேன். என்ன எழுதியிருந்துச்சுன்னு யாரும்மா படிச்சா?" என்று பிற்பாடு என்னிடம் அழுதார். விதி கிழிக்கச் சொல்கிறது, படிக்கச் சொல்லவில்லை. அவர் விதிப்படிதான் நடந்தார்.

4. அன்று மாலை நெவேனா தச்செவா விடுதிக்குத் திரும்பினாள். வனவியல் இரண்டாம் ஆண்டு, என் அறைத் தோழி. களப்பயிற்சிக்காக இரண்டு வாரம் மலையில் இருந்தவள். ஹீட்டர் விவகாரம் எதுவும் அவளுக்குத் தெரியாது. நான் நூலகத்தில் இருந்தேன். சேறு அப்பிய பூட்ஸைக் கதவுக்கு வெளியே ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறாள். நான் வந்தபோது பூட்ஸ் மட்டும் அங்கே இருந்தது.

அடக்கம் முடிந்த மறுவாரம் என் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டதாம். சிவப்பு மையைத் தவிர்க்க வேண்டுமாம்.

5. அதன்பின் மாணவர்கள் நாங்கள் சேர்ந்து, முன் அனுமதி தேவைப்படாத ஒரே தாளை அச்சிட்டோம். நெவேனாவின் படம், பெயர், கறுப்புக் கரை. கீழே ஒரு வரி: "எச்சரிக்கைத் தாள் கிழிக்கப்பட்ட அன்று மாலை, விடுதி எண் 4-இல் குளிக்கப் போய், மின்சாரம் தாக்கி இறந்தாள்." வளாகம் முழுக்க ஒட்டினோம். இந்த வரி 'மரண அறிவிப்பு என்ற போர்வையில் கருத்து வெளியிட்டது' என்பது என் மீதான முதல் குற்றச்சாட்டு. ஒழுங்குக் குழுச் செயலர் திரு. குன்ச்செவ் அன்போடுதான் அறிவுரை சொன்னார்: "பேரு, தேதி, போட்டோ, நாலு வரி ஒப்பாரி, அதோட நிறுத்திக்க வேண்டியதுதானே? ஹீட்டரை எதுக்கும்மா உள்ளே இழுக்கறே?" ஐயா, ஹீட்டரை நாங்கள் இழுக்கவில்லை. அவள் வேறு எதனால் இறந்தாள் என்பதைக் குழு எழுத்துமூலம் தெரிவித்தால், வழக்கப்படி ஒட்டும் ஆறாம் மாத நினைவு அறிவிப்பில் அதையே அச்சிடுகிறோம்.

6. நாற்பதாம் நாள் நெவேனாவின் தாயார் வந்தார். வழக்கப்படி கோதுமையை வேகவைத்துச் சர்க்கரை தூவி, பெரிய கிண்ணத்தில் கொண்டுவந்து, விடுதி வாசலில் எல்லோருக்கும் கொடுத்தார். 'அனுமதியின்றிக் கூட்டம் கூட்டிப் பொருள் விநியோகித்தது' என்பது இரண்டாம் குற்றச்சாட்டு. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான் என்பதால் அதுவும் என் தலையில். கூட்டத்தைக் கலைக்க அனுப்பப்பட்ட மித்கோ அண்ணனிடமும் அந்த அம்மா, "சாப்பிடுப்பா, எம் பொண்ணு பேருக்கு ஒரு கரண்டி" என்று நீட்டினார். யார் கிழித்தது என்று அவருக்குத் தெரியாது. மித்கோ அண்ணன் தொப்பியைக் கழற்றிவிட்டு, "கடவுள் மன்னிக்கட்டும்" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லி வாங்கிச் சாப்பிட்டார். யாரை என்று நாங்கள் கேட்கவில்லை.

7. இனி அவசர விஷயம். இரண்டாம் தள ஹீட்டரை அகற்றிவிட்டார்கள். அதனோடு ஒன்றாக வாங்கிய மூன்றாம் தள ஹீட்டர் அப்படியே இருக்கிறது. போன வாரத்திலிருந்து அங்கேயும் குழாயைத் தொட்டால் கை சுரீர் என்கிறது. "இன்னும் ஒரு ஹீட்டர் போனா இந்த வருஷ பட்ஜெட்டே காலி" என்கிறார் திருமதி ஸ்தான்கா. எச்சரிக்கைத் தாளுக்கு விண்ணப்பித்துவிட்டேன், கறுப்பு மையில். ஏழு வேலைநாள் ஆகும், ஈஸ்டர் விடுமுறை கணக்கில் சேராது என்கிறது அலுவலகம். அதுவரை காலையிலும் மாலையிலும் அந்தக் கதவருகே நின்று, துண்டோடு வருபவர்களிடம் வாயால் சொல்லி அனுப்புகிறேன். 'ஒதுக்கப்படாத இடத்தில் கருத்து வெளிப்படுத்தியது' என்று அது மூன்றாம் குற்றச்சாட்டு ஆகியிருக்கிறது. சைக்கிள் கொட்டகை ஓரம் போய்ச் சொல்ல எனக்கும் ஆசைதான். அங்கே யாரும் குளிப்பதில்லையே.

8. 'அனுமதியின்றி எச்சரிக்கைத் தாள் ஒட்டியது என் தவறு' என்று கையெழுத்திட்டால் மூன்றும் கைவிடப்படுமாம். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு விடுதியில் எனக்கு இடமில்லை. வேறு எந்தத் தவறை எழுதிக் கொடுத்தாலும் கையெழுத்துப் போட்டுவிடுவேன் ஐயா. இந்த ஒன்றுக்கு மட்டும் மாட்டேன். என்னை வெளியே அனுப்புவது தங்கள் விருப்பம். ஆனால் நான் போனபின் அந்தக் கதவருகே நிற்க யார் இருக்கிறார்கள் என்பதையும் தாங்களே சொல்லிவிட வேண்டும்.

9. ஆகவே, மூன்றாம் தள ஹீட்டரின் மின் இணைப்பை இன்றே துண்டிக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு நிதியோ விதியோ இடம்தராவிட்டால், எச்சரிக்கைத் தாளுக்கு முத்திரையாவது இட வேண்டுகிறேன். தங்கள் வசதிக்காக இரண்டு தாள்களை இணைத்திருக்கிறேன். முதலாவது எச்சரிக்கை. தங்கள் முத்திரை இல்லாமல் அதை ஒட்ட முடியாது. இரண்டாவது மரண அறிவிப்பு. கறுப்புக் கரை போட்டு, பெயருக்கும் படத்துக்கும் இடம் விட்டு அச்சிட்டிருக்கிறோம். அதற்குத் தங்கள் அனுமதி தேவையில்லை.

தங்கள் பதிலுக்காகக் குளியலறைக் கதவருகே காத்திருக்கும்,

(ஒப்பம்)
ராடினா மின்கோவா

இடம்: ஸ்லாத்னா ரேகா
நாள்: ஏப்ரல் 23

இணைப்பு: தாள்கள் இரண்டு.