மாலையை மட்டும் எடுக்கிற புள்ளடி

எல்லாம் நான் அன்றைக்கே சொன்னதுதான், ஐசே. திரையில் எழுத்து ஒழியும், படம் வரும், ஆங்கிலம் தெரியாதவனும் ராசா மாதிரி இருந்து வீடியோ வெட்டி ஒட்டுவான் என்று எங்கள் புரோசார்ட் வீட்டு பேஸ்மென்டில் இருந்து சொன்னவன் நான். இன்று காலை மகளின் புது லாப்டொப்பில் உங்கள் கம்பனியின் புரோகிராமைத் திறந்தேன். வலது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சின்னச் சின்னப் படங்களின் வரிசை. ஒவ்வொன்றும் நான் செய்த ஒரு வேலை. ஒவ்வொன்றின் மூலையிலும் பெருக்கல் குறி மாதிரி ஒரு சிறு புள்ளடி. "பாத்தீரோ, நான் சொன்னது வந்திட்டுது" என்று திரும்பினேன். நீர் இருக்கிற முக்காலி வெறுமனே கிடந்தது.

நாம் சந்தித்தது ஒரு கலியாண மண்டபத்தில். அப்போது நான் கிழமை நாட்களில் பேக்கரியில் வேலை. சனி ஞாயிறில் மொன்றியலின் முதல் தமிழ் வீடியோக்காரன். இரண்டாவது என்று சொல்பவர்களும் உண்டு, பொறாமை. நீர் சென்னையிலிருந்து வந்து, திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கவேண்டும் என்று வரைகிற உத்தியோகத்தில் இருந்தீர். அதற்கும் ஒரு சம்பளமா என்று சிரித்தேன். நீர் கோபிக்கவில்லை. புத்தகம் வாசிக்காமல் புரோகிராமைப் பாவிக்கிற ஆளைத்தான் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னீர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மொன்றியல் தீவு முழுக்கத் தேடினாலும் என்னைவிடத் தகுதியானவன் உமக்குக் கிடைத்திருக்க மாட்டான்.

அதன்பின் சனிக்கிழமைகளில் இல்-பிசாரிலிருந்து பஸ், மெட்ரோ, மறுபடி பஸ் என்று மாறி வருவீர். முடிவடையாத புரோகிராமை என் கணினியில் போட்டுவிட்டு, எனக்குப் பின்னால் முக்காலியில் கொப்பியும் பென்சிலுமாக இருப்பீர். உதவி மட்டும் செய்ய மாட்டீர். "நான் சொல்லித்தர மாட்டேண்ணே. நீங்க எங்க முட்டி நிக்கிறீங்கனு பாக்கத்தான் வந்தேன்." சேமிக்கிற பொத்தான் என்று நினைத்து அழிக்கிற பொத்தானை அழுத்தி, ஒரு கேக் வெட்டும் காட்சியை நான் முழுதாக இழந்தபோதும் நீர் எழுதிக்கொண்டுதான் இருந்தீர். தேத்தண்ணி கொண்டுவந்த என் மனைவி, "பாவம் அந்த மனிசன், இவர் விழுறதை எழுத இவ்வளவு தூரம் வருகுது" என்றாள். அடுத்த மாதம் அந்த இரண்டு பொத்தான்களும் திரையின் இரண்டு கரைகளுக்குப் போயிருந்தன. என் ஒரு விரலுக்காக ஒரு கம்பனியே திரையை மாற்றியது என்று நான் சொல்லாத வீடு இல்லை.

பிறகு அந்த ஆவணிக் கலியாணம். மணமகள் மன்னார்ப் பிள்ளை. தகப்பனுக்கு விசா கிடைக்கவில்லை. தமையன்தான் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டி வந்தான். "அங்கிள், தாலி கட்டின பிறகு அப்பாவின்ர படத்தை ஒருக்காக் காட்டுங்கோ. அவர் பக்கத்தில நிண்ட மாதிரி இருக்கவேணும்" என்று அழாமல் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்குப் பறக்கிற ஒருவரிடம் டிஸ்கைக் கொடுத்துவிட வேண்டும்.

சனி காலை நீர் வந்ததும் பெருமையாக ஓட்டிக் காட்டினேன். பூமழை, இதய வடிவத்துக்குள் மணமக்கள், எல்லாம் இருந்தன. தாலி கட்டியதும் தகப்பனின் படம் மெல்ல எழுந்தது. பொத்தானில் நகமளவாகப் பார்த்தபோது அது படத்தைச் சுற்றி மல்லிகைச் சரம் போட்ட அழகான ஓரம். விரும்பி எடுத்துப் போட்டிருந்தேன். பெரிய திரையிலோ தோளிலிருந்து நெஞ்சுவரை இறங்கும் வெள்ளை மாலை.

பின்னால் பென்சில் சத்தம் நின்றது. அத்தனை மாதங்களில் முதல் முறையாக உமது விதியை நீரே மீறினீர்.

"அண்ணே, இவரு உயிரோட இருக்காருல்ல?"

மன்னாரில் அயலெல்லாம் கூடி அந்த டிஸ்கைப் போடும். மகளின் கலியாணத்தில் மாலை போட்ட தன் படத்தைத் தகப்பன் தானே பார்ப்பார். செய்ததைத் திரும்ப எடுக்கிற பொத்தானை அழுத்தினேன். மாலை போகவில்லை, கடைசியாகப் போட்ட இசை போனது. மறுபடி அழுத்த, பெயர்கள் போயின. பேக்கரிக்கு லீவு போட்டு வெள்ளிக்கிழமை முழுவதும் செய்த அத்தனையையும் கழற்றினால்தான் அடியில் கிடந்த மாலையைத் தொடலாம்.

அந்த நேரத்தில்தான் நான் அந்த யோசனையைக் கொடுத்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்து ஏறாது, படத்தைத் தெரியும். செய்த ஒவ்வொன்றையும் நீர் சின்னப் படமாக வரிசையில் விடும், மூலையில் ஒரு புள்ளடி போடும், பிழைத்ததை மட்டும் நான் எடுப்பேன் என்றேன். நீர் டெப்பனரில், அதுதான் அந்த மூலைக் கடையில், வாங்கிவந்த பிஸ்கட் பெட்டியின் மட்டையைக் கிழித்து, அதை அப்படியே வரைந்தீர்.

ஆனால் அன்று அது மட்டையில்தான் இருந்தது. நீர் முக்காலியை என் பக்கத்துக்கு இழுத்துப் போட்டீர். எல்லாவற்றையும் கழற்றி, பின்னேரம்வரை இருவருமாகத் திரும்பப் பூட்டினோம். நான் என்னையே ஏசிக்கொண்டிருந்தேன். "நீங்க தப்பு பண்ணலண்ணே, திரைதான் தப்பு" என்றீர். பேந்து, டிஸ்க் போய்ச் சேர்ந்ததும், மன்னாரிலிருந்து தகப்பன் போன் எடுத்தார். தானும் பக்கத்தில் நின்றது போலவே இருந்ததாம். ஆறு தரம் பார்த்தாராம். நான் ஊருக்கு அறுபது என்று சொல்லியிருக்கிறேன்.

வருகிற மாசியோடு நீர் போய் ஒரு வருடம். நினைவு நாளுக்கு ஒரு வீடியோ செய்து தரச் சொல்லி உமது மனைவி படங்கள் அனுப்பியிருந்தார். அதற்காகத்தான் இன்று அதைத் திறந்தேன். உமது படத்துக்கு முறைப்படி மாலை போட்டேன். இம்முறை பிழை இல்லை. பின்னாலிருந்து கேட்கவும் ஆள் இல்லை. என்னால் பார்க்க முடியவில்லை. வரிசையில் மாலையின் சின்னப் படத்தைத் தேடிப் புள்ளடியை அழுத்தினேன். மாலை மட்டும் போனது. இசை, பெயர், உமது சிரிப்பு எல்லாம் நின்றன. எட்டிப் பார்த்த என் மனைவி, "அப்பிடியே விடுங்கோ" என்றாள். விட்டுவிட்டேன்.

இப்போதும் பேக்கரிக்குப் புதிதாக வருகிறவர்கள் அடுப்பின் பொத்தானை மாறி அழுத்திவிட்டு முழிக்கும்போது, நீங்கள் பிழை விடவில்லை, அடுப்புத்தான் பிழை என்கிறேன். அவர்கள் முகம் தெளிகிறது. அது உம்மிடமிருந்து எனக்கு வந்தது.

இன்னும் ஒன்று. அந்தப் படவரிசை யோசனை என் வாயிலிருந்து வந்ததென்று ஐந்து வருடமாகச் சொல்லித் திரிகிறேன். மேலேயும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தேன். நீர் என் கையை விலக்கி மட்டையைக் காட்டியபோது, படங்களும் புள்ளடிகளும் அதில் இருந்தன. பிறகு நான் அதை என்னுடையதாகச் சபை சபையாகச் சொன்னபோதெல்லாம், பக்கத்தில் இருந்து "ஆமாண்ணே" என்று தலையாட்டினீர்.

இந்த மடலில் அந்த ஒரு இடத்துக்குப் புள்ளடி போட்டுவிடும், ஐசே. மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.